வேரின் நிழல்

1992ஆம் ஆண்டு அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில், கனேன் மலைப்பகுதியில், 24 மணி நேர மலை சைக்கிள் பந்தயம் ஒன்று தொடங்கியது. அணியாகச் சேர்ந்து ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டலாம். ஆனால் இரவு முழுக்க ஓட்டம் நிற்கக் கூடாது. வேரும் பாறையும் சேறுமான காட்டுப் பாதை. நல்ல விளக்கு வாங்குவதென்றால் கட்டுப்படியாகாத விலை. ஆகவே அந்தக் காலத்து இரவு ஓட்டக்காரர்கள் பலர் விளக்கைத் தாங்களே செய்துகொண்டார்கள்.

கடைகளில் கண்ணாடி அலமாரிக்கு மேலே மாட்டும் 12 வோல்ட் ஹாலஜன் பல்பு, அதைப் பொதிந்து வைக்க ஒரு துண்டு பிளாஸ்டிக் குழாய், தண்ணீர் பாட்டில் செருகும் இடத்தில் பேட்டரி. இதில் ஒரு கெட்டிக்காரத்தனமும் உண்டு. 1.2 வோல்ட் நிக்கல்-காட்மியம் செல்கள் 10 கோத்தால் 12 வோல்ட். அவர்கள் 11 கோத்தார்கள். மின்னழுத்தம் 10 சதவீதம்தான் கூடியது, வெளிச்சமோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடியது. இழை இன்னும் சூடேறும்போது, வெறும் வெப்பமாகப் போகும் அகச்சிவப்பின் பங்கு குறைந்து, கண்ணுக்குத் தெரியும் ஒளியின் பங்கு ஏறுகிறது. பல்பின் ஆயுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றாகச் சுருங்கிவிடும். இரவில் எப்போதாவது ஓட்டுகிறவருக்கு அது பெரிய நஷ்டமில்லை.

பிறகு எல்.இ.டி. வந்தது. ஜப்பானின் நிச்சியா நிறுவனத்தில் ஷூஜி நகமுரா 1993இல் பிரகாசமான நீல எல்.இ.டி.யைக் கொண்டுவந்தார். நீல ஒளியின் முன்னால் மஞ்சளாக ஒளிரும் பாஸ்பர் பூச்சை வைத்தால் வெள்ளை வெளிச்சம் கிடைத்துவிடும். நீல எல்.இ.டி.க்கு வழிதிறந்த அகாசாகி, அமானோ இருவருடன் சேர்த்து அவருக்கு 2014இல் இயற்பியல் நோபல் பரிசு தரப்பட்டது. காட்டுப் பாதையில் இதன் பலன் என்ன? 20 வாட் ஹாலஜன் முந்நூறு, நானூறு லூமென் தரும். மூன்று மணி நேரம் எரிய ஏறக்குறைய இரண்டு கிலோ ஈய-அமில பேட்டரி வேண்டும். இன்று 10 வாட் எல்.இ.டி. 1,000 லூமென் தருகிறது. அதே மூன்று மணி நேரத்துக்கு 150 கிராமுக்கும் குறைவான மூன்று லித்தியம் செல் போதும்.

ஆக, வெளிச்சம் மலிந்துவிட்டது. அதை எங்கே மாட்டுகிறோம் என்பதில்தான் இப்போது எல்லாம் இருக்கிறது.

இருட்டில் ஓட்டுபவருக்கு மேடுபள்ளத்தைக் காட்டிக்கொடுப்பது நிழல். எட்டு மீட்டருக்கு அப்பால் 5 செ.மீ. உயர வேர் ஒன்று பாதையின் குறுக்கே கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஹேண்டில்பாரில் ஒரு மீட்டர் உயரத்தில் விளக்கு இருந்தால், வேருக்குப் பின்னால் 42 செ.மீ. நீளத்துக்கு நிழல் விழும். தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் இருக்கும் கண்ணுக்கு அதில் 26 செ.மீ.யை வேரே மறைத்துவிடுகிறது. மீதி 16 செ.மீ. கரும்பட்டையாகத் தெரியும். மூளை அதைப் பார்த்ததும் ‘வேர்’ என்று சொல்லிவிடுகிறது. அதே விளக்கைக் கழற்றி ஹெல்மெட்டில், 1.7 மீட்டர் உயரத்தில் மாட்டினால் நிழல் 24 செ.மீ.தான். அது முழுக்க வேருக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறது. விளக்கு அதே விளக்கு, வேர் அதே வேர்; பாதை மட்டும் தட்டையாகிவிட்டது.

தொலைநோக்கியில் நிலவைப் பார்ப்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம். அரைநிலவில் பள்ளங்களின் விளிம்புகள் கூர்மையாக எழுந்து நிற்கும். பௌர்ணமியில் சூரியன் நம் முதுகுக்குப் பின்னாலிருந்து, கிட்டத்தட்ட நாம் பார்க்கும் திசையிலேயே ஒளி வீசுவதால் நிழல்கள் மறைந்து, நிலவு வெள்ளைத் தட்டாகிவிடுகிறது. ஹெல்மெட் விளக்கை மட்டும் நம்பி ஓட்டுபவர் பௌர்ணமி நிலவின் மேல் ஓட்டுகிறார் என்றே சொல்லலாம்.

அப்படியானால் ஹெல்மெட் விளக்கே வேண்டாமா? வளைவு வந்தால் வேண்டும். ஹேண்டில்பார் வெளிச்சம் சக்கரம் திரும்பிய பக்கம்தான் போகும். கொண்டை ஊசி வளைவில் அது மரத்தின் மேல் விழுந்துகொண்டிருக்கும்போது, கண் வளைவுக்கு அப்பால் தேடிக்கொண்டிருக்கும். எனவே என் கட்சி இது: பலமான, அகலமாக விரியும் விளக்கு ஹேண்டில்பாருக்கு, குறுகலான, மங்கலான ஒன்று தலைக்கு. தலைவிளக்கு ஓங்கிவிட்டால் கீழ்விளக்கு உண்டாக்கிய நிழலை அதுவே அழித்துவிடும். சாதாரண விளக்குகள் இரண்டை இப்படி மாட்டினால், ஒரே ஒரு விலை உயர்ந்த விளக்கைவிட நன்றாகப் பாதை காட்டும்.

சாதாரண விளக்கு போதுமா என்ற பயம் வேண்டாம். 25 கி.மீ. வேகத்தில் ஒரு தடையைக் கண்டு பிரேக்கைத் தொட ஒரு நொடி ஆனால், அதற்குள் 7 மீட்டர் போய்விடும். மண்பாதையில் நிற்க இன்னும் ஐந்து மீட்டர். 20 மீட்டர் தூரம் தெளிவாகத் தெரிந்தால் காரியம் நடக்கும். 40 மீட்டரில் அதே அளவு வெளிச்சம் விழ, விளக்கு நான்கு மடங்கு பலமாக வேண்டும். வேகத்தைக் கொஞ்சம் தணித்தால் அந்தச் செலவே இல்லை.

மலிவு விளக்குகளின் அட்டைப்பெட்டியில் ‘10,000 லூமென்’ என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், ஒதுக்கவும் வேண்டாம். கணக்குப் போட்டால் போதும். உள்ளே 18650 வகை லித்தியம் செல் இரண்டு என்றால், நல்ல செல்லாகவே இருந்தாலும் சுமார் 22 வாட்-மணி. இரண்டு மணி நேரம் எரியும் என்கிறார்களா? அப்படியானால் 11 வாட். வாட்டுக்கு 100 லூமென் வைத்தால் 1,100. அந்த வெளிச்சம் மலைப்பாதைக்குத் தாராளம்; விலை அதற்குத் தகுந்தபடி இருந்தால் வாங்கலாம். 9,900 மில்லி ஆம்பியர்-மணி என்று பெருமை பேசும் ஒற்றை 18650 செல்லை மட்டும் தொடக் கூடாது. அந்த அளவுள்ள செல்லில் 3,500ஐ ஒட்டித்தான் உண்மையில் அடைக்க முடியும். அளவில் பொய் சொல்பவர் உள்ளிருக்கும் பாதுகாப்பிலும் சொல்லியிருப்பார்.

மூடுபனி இறங்கினால் தலைவிளக்கை அணைத்துவிட வேண்டும். கண்ணுக்குப் பக்கத்திலிருந்து கிளம்பும் ஒளி பனித்துளிகளில் பட்டு நேரே கண்ணுக்கே திரும்பி, எதிரே வெள்ளைச் சுவர் எழுப்பிவிடும். ஓட்டத்தை நிறுத்தும்போது ஹேண்டில்பார் விளக்கையும் குறைத்துவிடுவது நல்லது. அதன் அலுமினியப் பட்டைகளைக் குளிரவைப்பது சைக்கிள் ஓடும்போது அடிக்கும் காற்றுதான். காற்று நின்றால் எல்.இ.டி. சூடேறும், சூடேறிய எல்.இ.டி.க்கு வெளிச்சமும் குறையும், ஆயுளும் குறையும்.