துப்பாக்கி அனுமதி மறுக்கப்பட்டால் விவசாயி செய்யக்கூடியது என்ன?

மட்டக்களப்பு மாவட்டத்தின் கோறளைப்பற்று தெற்குப் பிரதேச செயலகப் பிரிவு கிரானைத் தலைமையிடமாகக் கொண்டது. கிரானிலிருந்து புலிபாய்ந்தகல் ஊடாக மேற்கே செல்லும் பாதை, கோராவெளியையும் தாண்டிக் குடும்பிமலை வரையுள்ள வயல்களையும் மேய்ச்சல் தரைகளையும் ஊருடன் இணைக்கின்றது. மாரி வெள்ளத்தில் இப்பாதை மூழ்கும் நாட்களில் படகே துணையாகும். பெரும்போகத்தில் விதைத்த விவசாயி, அறுவடை வரையிலான மாதங்களைப் பரணிலேயே கழிக்க வேண்டியுள்ளது. பன்றி ஒருபுறமும் யானை மறுபுறமுமாக, ஓரிரவில் ஒரு வட்டையின் உழைப்பு அழிந்துபோவது இங்கு புதிய செய்தியன்று. வாழைச்சேனை, ஓட்டமாவடி, ஏறாவூர்ப் பகுதிகளைச் சேர்ந்த முஸ்லிம் விவசாயிகளுக்கும் இதே அனுபவமே உண்டு. காட்டு விலங்கு வரப்பின் உரிமையாளர் யாரென்று பார்ப்பதில்லை.

இந்நிலையில், பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி அனுமதிப்பத்திரம் கோரி விண்ணப்பிக்கும் விவசாயிக்கு மறுப்பே பதிலாகக் கிடைக்குமாயின் அவர் என்ன செய்வது? பெரும்பாலானோர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மௌனமாகின்றனர். சிலர் சட்டத்துக்குப் புறம்பான வழிகளை நாடுகின்றனர். இவ்விரண்டுக்கும் இடையில் சட்டபூர்வமான ஒரு பாதை உண்டு என்பதை நமது மக்கள் அறிந்திருத்தல் அவசியமாகும்.

சட்டத்தின் நிலை

இலங்கையில் துப்பாக்கி வைத்திருப்பதை நெறிப்படுத்துவது 1916 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டமாகும். 1996 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் இதன் தண்டனைகளைப் பெரிதும் கடுமையாக்கியது. பயிர்ப் பாதுகாப்புக்கான அனுமதிப்பத்திரங்கள் மாவட்ட செயலகத்தின் ஊடாகவும், தற்பாதுகாப்புக்கானவை பாதுகாப்பு அமைச்சினாலும் வழங்கப்படுகின்றன. அனுமதிப்பத்திரம் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்பட வேண்டியது. அது குறித்த ஒருவருக்கு மாத்திரமே உரியது. அயலவர் ஒருவரின் துப்பாக்கியை இரவல் வாங்கிக் காவலுக்குச் செல்வது இருவரையும் குற்றவாளிகளாக்கிவிடும்.

துப்பாக்கி வைத்திருப்பது இந்நாட்டில் எவருக்கும் அடிப்படை உரிமையாக வழங்கப்படவில்லை. அது அரசு நிபந்தனைகளுடன் வழங்கும் ஒரு சலுகையே. 2024 நவம்பரில், தற்பாதுகாப்புக்கென வழங்கப்பட்டிருந்த துப்பாக்கிகளை மீளாய்வுக்காக ஒப்படைக்குமாறு பாதுகாப்பு அமைச்சு அறிவித்தமை இதனை நன்கு உணர்த்தியது. ஆகவே, மறுப்பு என்பது தானாகவே அநீதியாகிவிடாது. ஆனால் விண்ணப்பம் நேர்மையாகப் பரிசீலிக்கப்படுவதும், மற்றையோருக்குச் சமமாக நடத்தப்படுவதும் பிரஜையின் உரிமைகளாகும். அரசியலமைப்பின் 12 ஆம் உறுப்புரை சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதிப்படுத்துகின்றது. போராட வேண்டிய இடம் இதுவே.

காரணத்தைக் கேட்பதே முதற்படி

மறுப்புக் கிடைத்தவுடன் செய்ய வேண்டிய முதற்காரியம், அதற்கான காரணத்தை எழுத்தில் கேட்பதாகும். வாய்மொழியாகக் கிடைத்த மறுப்பை வைத்துக்கொண்டு எந்த வாயிலையும் தட்ட முடியாது. அலுவலகக் கருமபீடத்தில் கூறப்பட்டது மறுநாள் மறுக்கப்படலாம். கடிதத்தில் எழுதப்பட்டது மறுக்கப்பட முடியாதது.

2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலுக்கான உரிமைச் சட்டம் இவ்விடயத்தில் பெருந்துணையாகும். 2017 பெப்ரவரி மாதம் நடைமுறைக்கு வந்த இச்சட்டத்தைப் பலர் வீதி, கட்டட ஒப்பந்தங்களின் கணக்குகளை அறிவதற்கான கருவியாகவே கருதுகின்றனர். ஆனால் அதன் 35 ஆம் பிரிவு, அரச அதிகாரி ஒருவரின் தீர்மானத்தினால் பாதிக்கப்பட்டவர் எழுத்தில் கோரினால், அத்தீர்மானத்துக்கான காரணங்களை அந்த அதிகாரி வழங்க வேண்டும் என விதிக்கின்றது. தேசிய பாதுகாப்பு போன்ற விதிவிலக்குகள் இதற்கும் பொருந்தும். எனினும், விதிவிலக்கைக் காட்டி மறுப்பதாயினும் அதனையும் எழுத்தில் கூறியாக வேண்டும்.

இதனுடன் சேர்த்து, தமது விண்ணப்பம் தொடர்பான கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலகம், பொலிஸ் ஆகியவற்றின் அறிக்கைகளின் பிரதிகளையும் தகவல் அதிகாரியிடம் கோரலாம். தகவலைக் கேட்பதற்கான நோக்கத்தைக் கூற வேண்டியதில்லை. எழுத இயலாதவர் வாய்மூலம் கேட்டால் அதனை எழுத்துருவாக்குவது தகவல் அதிகாரியின் கடமையாகும். 14 வேலை நாட்களுக்குள் தீர்மானம் அறிவிக்கப்பட வேண்டும். பதில் கிடைக்காவிடின் அல்லது திருப்தியளிக்காவிடின் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதன் பின்னர் இரண்டு மாதங்களுக்குள் தகவலுக்கான உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம்.

பதில் சிங்களத்தில் மாத்திரம் வருமாயின் தமிழில் கோருவதற்குத் தயங்க வேண்டியதில்லை. கிழக்கில் தமிழ் நிர்வாக மொழியாகும் என அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயம் கூறுகின்றது. புரியாத கடிதத்துக்கு எவரும் உரிய பதிலளிக்க முடியாது.

காரணம் தெரிந்த பின்னர்

மறுப்புக்கான காரணங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். ஆவணக் குறைபாடு, தேவை நிரூபிக்கப்படாமை, விண்ணப்பதாரி பற்றிய பாதகமான அறிக்கை என்பனவே அவை. ஒவ்வொன்றுக்கும் பரிகாரம் வேறு.

ஆவணக் குறைபாடு நமது பகுதியின் பழைய நோயாகும். இடப்பெயர்வுகளிலும் வெள்ளத்திலும் காணி ஆவணங்களை இழந்தோர் பலர். குத்தகைக்குச் செய்வோரிடம் உறுதியே இருப்பதில்லை. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழான அனுமதிப்பத்திரங்களின் பதிவுகளைப் பிரதேச செயலகத்தில் தேடலாம். 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ்ப் பேணப்படும் விவசாயக் காணிப் பதிவேட்டில், காணியின் உரிமையாளருடன் பயிர்ச்செய்கையாளரின் பெயரும் பதியப்படுகின்றது. கமநல சேவை நிலையத்திலிருந்து அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற்றுக்கொள்வது பயனுடையது.

தேவை நிரூபிக்கப்படவில்லை என்பது காரணமாயின், சேதத்தின் பதிவே அதற்கு விடையாகும். இரவில் பயிர் அழிந்தால் காலையில் வேலியைக் கட்டிவிட்டு அடுத்த வேலைக்குச் செல்வது விவசாயியின் வழக்கம். அவ்வாறன்றி ஒவ்வொரு சேதத்தையும் கிராம உத்தியோகத்தரிடமும் கமநல சேவை நிலையத்திலும் முறையிட்டு, திகதியிட்ட புகைப்படங்களுடன் பதிவு செய்து வைத்தல் வேண்டும். இரண்டு போகங்களின் பதிவுகள் கையில் இருக்குமாயின் விண்ணப்பத்தின் நிறை மாறிவிடும்.

மூன்றாவது காரணமே மிகவும் நுட்பமானது. குடும்பிமலைப் பிரதேசம் 2007 ஜூலை மாதம் வரை விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. அக்காலத்தில் இங்கு வாழ்ந்தமையே ஒருவருக்கு எதிரான சாட்சியமாகிவிட முடியாது. முன்னர் தடுத்துவைக்கப்பட்டுக் குற்றச்சாட்டின்றி விடுவிக்கப்பட்டவர், அல்லது வழக்கிலிருந்து விடுதலையானவர், அதற்கான கடிதங்களையும் நீதிமன்றக் கட்டளையின் பிரதியையும் இணைத்து, அறிக்கையைத் திருத்துமாறு கோர வேண்டும். அதேவேளை, ஆயுதங்களின் பெயரால் தமிழரும் முஸ்லிம்களும் பேரிழப்புகளைச் சந்தித்த மாவட்டம் இது என்பதையும் மறந்துவிடலாகாது. விண்ணப்பதாரியைப் பற்றி அரசு விசாரிப்பது தவறன்று. அவ்விசாரணை தனிமனிதரைப் பற்றியதாக இருக்க வேண்டுமேயன்றி, அவரது ஊரையோ இனத்தையோ பற்றியதாக இருக்கக் கூடாது என்பதே நியாயமாகும்.

இவ்வாவணங்களுடன் மறுத்த அதிகாரிக்கே மீள்பரிசீலனைக் கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி, பிரதியைப் பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கும் அனுப்புதல் நன்று. மறுப்புக் கடிதத்தில் மேன்முறையீட்டு வழியும் கால எல்லையும் குறிப்பிடப்பட்டிருப்பின் அதனையே முதலில் பின்பற்ற வேண்டும்.

அலுவலகத்துக்கு அப்பால்

ஒத்த நிலையிலுள்ள ஒருவருக்கு வழங்கப்பட்டுத் தமக்கு மறுக்கப்பட்டதாக ஒருவர் கருதினால், இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் மட்டக்களப்புப் பிராந்திய அலுவலகத்தில் முறையிடலாம். இங்கு நாட்கணக்கு மிக முக்கியமானது. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றத்தை நாடுவதற்கு அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரை ஒரு மாத அவகாசத்தையே வழங்குகின்றது. அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், விசாரணை அங்கு நிலுவையிலுள்ள காலம் இக்கணக்கில் சேர்க்கப்படாது என 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்க ஆணைக்குழுச் சட்டம் கூறுகின்றது.

நிர்வாகத் தாமதமும் பாராமுகமும் முறைப்பாடாயின், ஒம்புட்ஸ்மன் என அறியப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளருக்கு எழுதலாம். தீர்மானமே சட்டத்துக்கு மாறானது அல்லது நியாயமற்றது எனின், மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் எழுத்தாணை கோரலாம். நீதிமன்றம் தானே அனுமதிப்பத்திரம் வழங்குவதில்லை. தவறான தீர்மானத்தை நீக்கி, சட்டப்படி மீண்டும் பரிசீலிக்குமாறு பணிக்கவே அதனால் முடியும். தாமதித்து வருவோரை நீதிமன்றம் விரும்புவதில்லை. கொழும்புப் பயணமும் சட்டத்தரணிக் கட்டணமும் சிறு விவசாயிக்குப் பெருஞ்சுமையாதலால், சட்ட உதவி ஆணைக்குழுவின் ஆலோசனையை முதலில் பெறுவது புத்திசாலித்தனமாகும்.

தனியொருவர் கேட்பதிலும் கமக்கார அமைப்பு கேட்பது வலுவானது. பிரதேச செயலகப் பிரிவு வாரியாகக் கடந்த ஐந்து ஆண்டுகளில் கிடைத்த விண்ணப்பங்கள் எத்தனை, வழங்கப்பட்டவை எத்தனை, மறுக்கப்பட்டவை எத்தனை என்னும் விபரங்களைத் தகவலுக்கான உரிமைச் சட்டத்தின் கீழ் ஓர் அமைப்பு கோரலாம். பாரபட்சம் உண்டென்போரும் இல்லையென்போரும் ஊகத்தை விட்டு எண்களின் அடிப்படையில் பேசுவதற்கு அது வழிசெய்யும். கிரான் விவசாயிகளும் ஓட்டமாவடி விவசாயிகளும் இக்கோரிக்கையை இணைந்து முன்வைப்பார்களாயின் அதன் பெறுமதி இரட்டிப்பாகும்.

செய்யக்கூடாதவை

அனுமதி மறுக்கப்பட்ட ஆத்திரத்தில் கட்டுத்துவக்கை நாடுவது பேராபத்தாகும். பன்றிக்குக் கட்டப்பட்ட துவக்கு, விடியற்காலையில் அவ்வழியே வரும் பட்டிக்காரரையோ விறகு எடுக்கச் செல்லும் பெண்ணையோ அறியாது. பிரதான மின்கம்பியிலிருந்து நேரடியாக மின்சாரம் எடுத்து வேலியில் பாய்ச்சுவதும், தீனிக்குள் வெடி மறைத்து வைப்பதும் அத்தகையனவே. ஒருமுறை இவற்றுக்காகத் தண்டிக்கப்பட்டவரின் பெயரில் பின்னர் சாதகமான பொலிஸ் அறிக்கையை எதிர்பார்ப்பதும் கடினம். தானியங்கித் துப்பாக்கி வைத்திருப்போருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்கச் சட்டம் இடமளிக்கின்றது என்பதையும் இளைஞர்கள் மனத்திற்கொள்ள வேண்டும்.

துப்பாக்கி தீர்க்காத பிரச்சினை

அனுமதிப்பத்திரம் கிடைத்துவிட்டாலும் யானைக்கு அது விடையாகாது. 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்படி யானை பாதுகாக்கப்பட்ட விலங்காகும். பயிர்ப் பாதுகாப்புத் துப்பாக்கி யானையைச் சுடுவதற்கான உத்தரவன்று. காயப்பட்ட யானை முன்னரிலும் மூர்க்கமாகத் திரும்பி வரும் என்பதைக் காவலுக்குச் செல்வோர் அறிவர். 2023 ஆம் ஆண்டில் மாத்திரம் நாடளாவிய ரீதியில் நூற்றுக்கணக்கான யானைகளும் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்களும் இம்மோதலில் உயிரிழந்தமை, இதுவரை கையாண்ட முறைகள் போதாதவை என்பதற்குச் சான்றாகும்.

கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோ தலைமையிலான குழு 2020 டிசம்பரில் கையளித்த தேசிய செயற்திட்டம், காட்டின் எல்லையில் அமைக்கப்படும் மின்வேலிகளுக்குப் பதிலாக, கிராமத்தைச் சுற்றி நிரந்தர வேலியும், வயலைச் சுற்றி விதைப்பு முதல் அறுவடை வரையிலான தற்காலிக வேலியும் அமைத்து, அவற்றை மக்களே பராமரிக்கும் முறையை வலியுறுத்தியது. உயிர்ச்சேதம் விளைவிக்காத குறைந்த வலுவுள்ள மின்னதிர்வே இவற்றில் பாய்ச்சப்படுகின்றது. வட்டை வாரியாகக் கூடி முடிவெடுக்கும் நமது வட்டவிதானை மரபுக்கு இது அந்நியமானதன்று. யானை வெடிகளை உரிய காலத்தில் வனசீவராசிகள் திணைக்களத்திடம் கேட்டுப் பெறுவதும், கமத்தொழில் மற்றும் கமநலக் காப்புறுதிச் சபையில் யானைச் சேதத்துக்கான இழப்பீட்டைக் காலந்தாழ்த்தாது கோருவதும் இதனுடன் செய்யப்பட வேண்டியவை. காப்புறுதிக்காகப் பதியப்படும் சேத அறிக்கையே நாளை அனுமதிப்பத்திர விண்ணப்பத்துக்கும் ஆதாரமாகும்.

அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பொறுப்புண்டு. "கிடைக்காது" என்னும் ஒரு சொல்லுடன் விவசாயியைத் திருப்பி அனுப்புவதனால் கோவை மூடப்படலாம், வயல் காக்கப்படுவதில்லை. காரணத்தை அவரது மொழியில் எழுதிக் கொடுப்பதும், துப்பாக்கி வழங்க இயலாத இடத்தில் வேலியையும் வெடியையும் இழப்பீட்டையும் உரிய நேரத்தில் வழங்குவதும் அரசின் கடமையாகும். சட்டத்தின் வழியில் சென்றவர் வெறுங்கையுடன் திரும்புவதைக் காணும் அயலவர், அடுத்த போகத்தில் அவ்வழியைத் தேர்வாரா என்பதை உரியவர்கள் சிந்திக்க வேண்டும்.