எச்-ஐத் தட்டினால் தலைப்பு வரணும்!

ஒரு சின்ன சோதனை செய்து பார்க்கலாமா? கணினியில் ஏதாவது ஓர் அரசு இணையப் பக்கத்தைத் திறங்க. மவுஸை ஓரமா வைச்சிட்டு, திரையையும் அணைச்சிடுங்க. இப்போ வருமானச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் வேணும்னு அந்தப் பக்கத்திலிருந்தே கண்டுபிடிக்கணும்.

பார்வை மாற்றுத்திறனாளிகள் பலர் தினமும் செய்யும் வேலை இது. திரையில் இருப்பதைக் குரலாகப் படித்துக் காட்டும் திரைவாசிப்பான் மென்பொருள்தான் அவர்களுக்குத் துணை. அதில் பலரும் அறிந்தது என்விடிஏ. பார்வையற்றவரான மைக்கேல் கரன் 2006-ல் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது; இன்றும் இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் தமிழும் பேசும். கொஞ்சம் இயந்திரத்தனமாக இருக்கும், பழகிவிடும்.

கண் ஒரு பக்கத்தை மேலோட்டமாகப் பார்த்து, வேண்டிய இடத்தில் நின்றுவிடும். காதால் அப்படி முடியாது. கீழ் அம்புக்குறியைத் தட்டத் தட்ட ஒவ்வொரு வரியாகத்தான் வரும். முகப்பு, துறைகள், அறிவிப்புகள், தொடர்புக்கு என்று பக்கத்தின் தலையில் வரிசைகட்டி நிற்கும் இணைப்புகளை எல்லாம் கேட்டு முடித்த பிறகுதான் விஷயம் வரும். அடுத்த பக்கத்துக்குப் போனால் மறுபடியும் முதலில் இருந்து!

இந்த அலுப்பைக் குறைக்கத்தான் ஒற்றை எழுத்து விசைகள் இருக்கின்றன. எச்-ஐத் தட்டினால் அடுத்த தலைப்பு. 1 முதல் 6 வரையுள்ள எண்களைத் தட்டினால் அந்தந்த நிலைத் தலைப்பு. கே என்றால் இணைப்பு, எஃப் என்றால் படிவத்தின் கட்டம், டேபிளின் முதல் எழுத்தான டி-யைத் தட்டினால் அட்டவணை. கூடவே ஷிஃப்ட்டை அழுத்தினால் பின்னோக்கிப் போகும். புதிதாகப் பழகுபவர்கள் நவம்பரின் முதல் ஆங்கில எழுத்தையும் மறக்க வேண்டாம். இணைப்புக் கூட்டத்தை ஒரே தாவலில் தாண்டி, வெறும் உரை இருக்கும் இடத்தில் கொண்டுபோய் விடும். இன்செர்ட்டும் எஃப்7-ம் சேர்த்து அழுத்தினால் பக்கத்தில் உள்ள தலைப்புகளும் இணைப்புகளும் பட்டியலாகவே வந்துவிடும். படிவத்துக்குள் போய்விட்டால் எச் தட்டினால் எச் என்ற எழுத்துதான் விழும். அப்போது இன்செர்ட்டுடன் ஸ்பேஸ் பாரை அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம்.

ஆனால் இதெல்லாம் வேலை செய்யுமா என்பது பக்கத்தைத் தயாரிப்பவர் கையில் இருக்கிறது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கு, நானே இதில் தவறியிருக்கிறேன். திரைவாசிப்பான் பயன்படுத்தும் என் கல்லூரித் தோழன் என் கட்டுரை ஒன்றைத் திறந்துவிட்டு, "என்னடா, ஒரு தலைப்புகூட இல்லை?" என்றான். ஐந்து உபதலைப்புகள் போட்டிருந்தேன்! எல்லாமே எழுத்தைத் தடிமனாக்கி, பெரிதாக்கியவை. கண்ணுக்கு அது தலைப்பு. மென்பொருளுக்கு அது இன்னொரு வரி, அவ்வளவுதான். எழுதும் பகுதியில் ‘தலைப்பு 2’ என்பதைத் தேர்ந்தெடுத்திருந்தால் போதும். திருத்த ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

தமிழுக்கென்று தனித் தொல்லைகளும் உண்டு. பக்கத்தின் மொழி தமிழ் என்று நிரலில் குறிப்பிடாவிட்டால், ஆங்கிலக் குரலே தமிழை வாசிக்கப் போய்த் தடுமாறலாம். தமிழக அரசு 2010-லேயே யூனிகோடைத் தரமாக ஏற்றது. அதற்கு முந்தைய எழுத்துருக்களில் ஏற்றிய உரை இன்னும் எங்காவது இருந்தால், காதுக்கு அது அர்த்தமில்லாத எழுத்துக் குவியல். ஸ்கேன் செய்து அப்படியே பிடிஎஃப் ஆக்கிய அரசாணை இன்னும் மோசம். அது வெறும் படம் என்பதால் படிக்க ஒன்றும் இருக்காது.

படிவத்தில்தான் இது உண்மையிலேயே வலிக்கிறது. கட்டத்துக்குப் பக்கத்தில் ‘தந்தை பெயர்’ என்று அச்சிட்டிருந்தாலும், நிரலில் அதைக் கட்டத்தோடு இணைக்கவில்லை என்றால், கட்டம் காலி என்று மட்டும் கேட்கும் நிலை வரும். அங்கே பெயரா, ஆதார் எண்ணா? கடைசியில் ஒலி வடிவம் இல்லாத கேப்ச்சா வேறு. வேறு வழியில்லாமல் பக்கத்துக் கடைக்காரரிடமோ தெரிந்தவரிடமோ கடவுச்சொல்லையும் ஓடிபியையும் கொடுக்க வேண்டியதாகிறது. ஓடிபியை யாரிடமும் சொல்லாதீர்கள் என்று எல்லோருக்கும் சொல்லிக்கொண்டே, சிலரை அதைச் சொல்ல வைக்கிறோம்.

2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்பத்திலும் அணுகல் வசதி வேண்டும் என்கிறது. மின்னணு வழியில் வாடிக்கையாளரை அடையாளம் காணும் நடைமுறை பற்றிய வழக்கில், டிஜிட்டல் அணுகல் அரசியல் சாசனத்தின் 21-ம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்தது.

அரசுப் பக்கத்தில் இப்படிச் சிக்கினால் 1100 என்ற முதல்வரின் உதவி எண்ணில் புகார் தரலாம். பக்கம் சரியில்லை என்று மட்டும் சொல்லாதீங்க. எந்தப் பக்கம், எந்தத் திரைவாசிப்பான், எந்த விசையைத் தட்டினீங்க, என்ன கேட்டது என்ற நாலையும் சொல்லுங்க. சரிசெய்பவருக்கு அந்த நாலும்தான் தேவை.