கொக்குக்கு வராத காய்ச்சல்

கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்கினால் ஓசூர் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. அதே கரையில் நிற்கும் மடையானின் ரத்தத்தில் மூளைக்காய்ச்சல் வைரஸ் ஓடினால் யாருக்கும் தெரியாது. பறவை சோர்வதில்லை, இரை தேடுவதை நிறுத்துவதும் இல்லை.

ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நாம் சொல்லும் நோயின் வைரஸ், கொக்கு இனங்களில்தான் காலங்காலமாகக் குடியிருக்கிறது. மடையான், உண்ணிக்கொக்கு, வக்கா எல்லாம் இதில் சேர்த்தி. நெல் வயலில் தேங்கும் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பறவையைக் கடிக்கிறது. அந்தக் கொசுவிடம் வைரஸ் இருந்தால், அடுத்த சில நாட்கள் பறவையின் ரத்தத்தில் அது ஏராளமாக இருக்கும். அந்த நாட்களில் கடிக்கிற வேறொரு கொசு அதை வாங்கிக்கொண்டு போகிறது. பிறகு எதிர்ப்புசக்தி உருவாகி, பறவையிடமிருந்து வைரஸ் விலகிவிடும். ஆனால் ஆண்டுதோறும் கூடுகளில் புதுக் குஞ்சுகள் பொரிகின்றன. அவற்றுக்கு எதிர்ப்புசக்தியும் இல்லை, கொசுவைத் தடுக்க இறகும் முளைத்திருக்காது. வைரஸ் அற்றுப்போகாமல் இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

இது எங்கோ நடக்கிற கதையல்ல. இந்தியாவில் இந்த நோய் முதலில் அடையாளம் காணப்பட்டது 1955-இல், வேலூர்ப் பக்கத்தில். வேப்பனப்பள்ளிக்கு அந்தப்புறம் எல்லை தாண்டினால் கோலார் மாவட்டம். 1970-களின் இறுதியில் அங்கே மூளைக்காய்ச்சல் பரவிப் பல உயிர்களைக் கொண்டுபோனது. அந்தக் காலத்தில் கோலார், மைசூர் மாவட்டங்களில் மூளைக்காய்ச்சலால் இறந்த சில குழந்தைகளின் மூளையில் இன்னொரு வைரஸும் சிக்கியது. அது வெஸ்ட் நைல். அதுவும் பறவைக்கும் கொசுவுக்கும் இடையே சுற்றுகிற வைரஸ்தான்.

வெஸ்ட் நைலின் குணம் ஊருக்கு ஊர் மாறுகிறது. 1999-இல் அது நியூயார்க்கில் நுழைந்தபோது காகங்கள் தெருவெங்கும் செத்து விழுந்தன. ஆய்வுக்கூடத்தில் அந்த வைரஸ் ஏற்றப்பட்ட அமெரிக்கக் காகங்களில் அநேகமாக எதுவும் பிழைக்கவில்லை. அந்த ஊர்ப் பறவைகளுக்கு அது முன்பின் அறியாத வைரஸ். நம் பறவைகள் அதோடு நெடுங்காலம் பழகியவை. இங்கே அப்படிக் கூட்டம் கூட்டமாக மடிந்ததில்லை. ஆகவே பறவை செத்து நமக்கு எச்சரிக்கை தரும் என்று காத்திருப்பதில் பயனில்லை. (பறவைக் காய்ச்சல் வேறு; அதற்கும் கொசுவுக்கும் சம்பந்தமில்லை.)

கொக்கைக் கண்டு பயப்படவும் வேண்டாம். பறவை நேரடியாக நமக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சலைத் தருவதில்லை. இடையில் கொசு வேண்டும். வைரஸை ஊருக்குள் பெருக்குவதில் பெரிய பங்கு பன்றிக்கு. மனித ரத்தத்தில் வைரஸ் மிகக் குறைவாகவே இருப்பதால் நம்மைக் கடிக்கும் கொசுவால் அதை மேலே கொண்டுபோக முடியாது.

கொக்கு கூடு கட்டும் புளியமரத்தை வெட்டுவதால் நோய் போகாது. கூட்டம் அடுத்த மரத்துக்குப் போகும். பன்றிப்பட்டியை வீடுகளை விட்டுத் தள்ளி வையுங்கள். மாலை மங்கியதும் குழந்தைகளைக் கொசுவலைக்குள் படுக்க வையுங்கள். இந்தக் காய்ச்சலுக்குத் தடுப்பூசி உண்டு. நோய் பரவும் மாவட்டங்களில் 9 மாதத்தில் ஒன்று, 16 முதல் 24 மாதத்துக்குள் ஒன்று என்று அரசே போடுகிறது. உங்கள் ஊரில் போடுகிறார்களா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.