விலையில்லா சைக்கிளை ஓட்டுவது யார்?

அரசுப் பள்ளியிலும் அரசு உதவி பெறும் பள்ளியிலும் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. நம் திருமானூர்ப் பகுதியில் பல வீடுகளில் அதை ஓட்டுவது தம்பிதான். வாங்கி வந்த பெண் பிள்ளை பஸ்ஸுக்கு நிற்கிறது.

தஞ்சாவூருக்குத் தெற்கே உள்ள புதுக்கோட்டையைப் பாருங்கள். 1991இல் அங்கே அறிவொளி இயக்கம் எழுத்தோடு சைக்கிளையும் பெண்களுக்குக் கற்றுக்கொடுத்தது. முன்னின்றவர் ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத். வயல் கூலிகள், கல்குவாரித் தொழிலாளர்கள், கிராமச் செவிலியர்கள், முஸ்லிம் பெண்கள் என்று ஆயிரக்கணக்கானோர் கற்றார்கள். பெண்கள் சைக்கிள் போதாதபோது ஆண்கள் சைக்கிளையே ஓட்டினார்கள்; முன்கம்பியில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு! கிண்டலுக்குக் குறைவில்லை. ஆனால் கூட்டமாகப் பழகியவர்களை எத்தனை நாள் கிண்டல் செய்ய முடியும்?

மார்க்கம் தடுக்கிறது என்போருக்கு ஒன்று: ஒட்டகச் சவாரி செய்த குறைஷிப் பெண்களை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துச் சொன்னது புகாரியில் உள்ளது. புர்கா சிக்கும் என்ற பயம் நியாயமானது. செயினுக்கு முழு மூடியும் பின்சக்கரத்துக்கு வலையும் போட்டு, துணியைச் சற்று உயர்த்திக் கட்டினால் போதும்.

பிள்ளையோடு தாயும் பழகினால் கூச்சம் போகும். ஞாயிறு அஸருக்குப் பின் பெண்களுக்கு மட்டும் பயிற்சி நடத்த எண்ணியுள்ளோம். சைக்கிள் இல்லாதவர்களும் வரலாம். வீட்டுப் பெண்கள் மூலம் அறக்கட்டளை அலுவலகத்தில் பெயர் கொடுங்கள்.