வேளையறிந்து செய்தி சொல்லுதல்

நள்ளிரவில் வீட்டுக் கதவைத் தட்டுகிறவர் வியாபாரியாக இருப்பதில்லை. ஆபத்தைச் சொல்ல வந்தவராகவே இருப்பார். அந்த நம்பிக்கையினாலேயே உறங்குகிறவர் எழுந்து கதவைத் திறக்கிறார். கந்தளாய் மக்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் நாள், பின்னிரவு மூன்று மணியளவில், கந்தளாய்க் குளத்தின் அணைக்கட்டு உடைந்தது. அவ்வெள்ளத்தில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அன்று கைத்தொலைபேசி இல்லை. இன்று அது தலைமாட்டிலே கிடக்கிறது. அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கைகளை அதன் வழியாகச் சேர்ப்பிக்கும் ஏற்பாடும் நாட்டில் உண்டு. ஆனால் புடவைக் கடையின் மலிவு விற்பனைச் செய்தியும் அதே கருவியிலேதான் ஒலிக்கிறது. இரவு பதினொரு மணிக்குச் சேலை விலை சொல்லிப் பத்து முறை எழுப்பிவிட்டால், அடுத்த ஓசையை யார் பொருட்படுத்துவார்? ஒலியை நிறுத்திவிட்டு உறங்குவதே மனித இயல்பு.

இத்தகைய தொல்லைக்குப் பல நாடுகள் வேலி கட்டியுள்ளன. இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2010ஆம் ஆண்டில் வகுத்த விதிகள், இரவு 9 மணி முதல் காலை 9 மணி வரை வணிகச் செய்திகளைத் தடுத்தன. 2018ஆம் ஆண்டின் விதிகள், செய்தி வரத்தக்க நாளையும் நேரத்தையும் வாடிக்கையாளரே தெரிவு செய்ய இடமளித்தன. இலங்கையின் 2022ஆம் ஆண்டு 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமோ சம்மதத்தை முன்வைக்கிறது. பெறுபவர் உடன்பட்டாலன்றி விளம்பரச் செய்தி அனுப்பலாகாது. கட்டணமின்றி விலகும் வழியையும் அவருக்குக் காட்டவேண்டும் என்பது அதன் ஏற்பாடு.

சட்டம் கடிகாரத்தைப் பார்க்கும். ஊரின் வேளையை வியாபாரியே அறியவேண்டும். சிங்களவரும் முஸ்லிம்களும் தமிழரும் வாழும் கந்தளாயிலே, வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை நேரமும், நோன்பு திறக்கும் மாலையும், போயா தினத்து வழிபாட்டு வேளையும் விளம்பரத்துக்கு உரியனவல்ல. பெரும்போக விதைப்புக்கு முன்னர், பகற்பொழுதில், பசளை வந்திருப்பதைக் கமக்காரருக்கு அறிவித்தால் அது உதவியாகும். அறுவடைக்குப் பின் அனுப்பினால் அதே செய்தி தொல்லையாகும்.

இன்னுமொன்றையும் கவனிக்கவேண்டும். கைத்தொலைபேசி அணைந்திருந்தால், குறுஞ்செய்தி இடையிலுள்ள நிலையத்திலே காத்திருந்து, கருவி மீண்டும் இயங்கியதும் வந்து சேரும். பிற்பகலில் அனுப்பியதும் நள்ளிரவில் ஒலிக்கலாம். ஆதலால், அனுப்பும்போதே செல்லுபடியாகும் காலத்தையும் குறித்துவிடுவது நன்று. மாலைக்குள் சேராத விளம்பரம் அத்துடன் நீங்கிவிடும்.

வாடிக்கையாளரின் எண் கடைக்காரரிடம் நம்பி ஒப்படைக்கப்பட்ட பொருள். பகலில், கேட்டவருக்கு மட்டும், அளவோடு சொல்லும் வியாபாரிக்கு நட்டமில்லை. அவர் செய்தியைத் திறந்து பார்ப்பவர்கள் இருப்பார்கள். குளக்கட்டின் கீழ் வாழும் ஊரிலே, இரவில் எழும் ஓசை ஆபத்தை அறிவிப்பதற்கென்றே விடப்படவேண்டும்.