கடையைச் சாத்திவிட்டு ஒரு நாள் காவிரிக் கரைக்கு

ஜி.எஸ்.டி., உணவுப் பாதுகாப்பு உரிமம், எடைக்கல் முத்திரை என்று நமக்குத் தேவையான செய்திகள் இந்தப் பக்கங்களில் வந்துகொண்டேயிருக்கின்றன. இந்த முறை வரவும் செலவும் எழுதாத ஒரு கணக்கைப் பற்றி எழுதலாம் என்று நினைக்கிறேன். என் வீட்டுக் கதையைச் சொல்வதால் யாரும் தவறாக எண்ண வேண்டாம். உங்களில் பலருடைய வீட்டுக் கதையும் இதுவாகத்தான் இருக்கும்.

1976-ல் பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு திருச்சியில் அப்பாவின் மண்டியில் உட்கார்ந்தேன். பருப்பு, மிளகாய் வற்றல், மல்லி, புளி எங்கள் சரக்கு. வாரத்தில் ஒரு நாள் கரூர் சாலையில் வசூலுக்குப் போவது என் வேலை. ஜீயபுரம், பெட்டவாய்த்தலை, குளித்தலை, கரூர் என்று ஒவ்வொரு ஊரிலும் இறங்கி, பாக்கி வாங்கிக்கொண்டு இரவு திரும்புவேன். முதலில் பஸ்ஸில் போனேன், பிறகு சொந்த வேனில் போனேன். போகும்போதும் வரும்போதும் முக்கொம்புக்குத் திரும்பும் பாதை கண்ணில் படும். ஊரிலிருந்து சுமார் 18 கிலோமீட்டர்தான். ஒரு தடவைகூட வண்டியை அந்தப் பக்கம் திருப்பியதில்லை.

1984-ல் எனக்குத் திருமணம். என் மனைவி உள்மாவட்டத்துக்காரி. காவிரியைப் படத்தில் பார்த்து வளர்ந்தவள். வந்த புதிதில், "என்னங்க, முக்கொம்பு முக்கொம்புன்னு சொல்றாங்களே, ஒரு ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போங்களேன்" என்று கேட்டாள். "சீசன் முடியட்டும்" என்றேன். ஆடிப்பெருக்கு வந்தால், "அம்மா மண்டபமாவது போய் வரலாமே" என்பாள். பதினெட்டாம் பெருக்கன்று காலை வரை வெல்லம், பச்சரிசி என்று கடைக்காரர்கள் வந்துகொண்டிருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்களோடு அவளை அனுப்பிவிடுவேன். தீபாவளிக்கு முன் நேரம் கிடையாது. பொங்கலுக்கு முன் மூச்சுவிட முடியாது. மார்ச் வந்தால் கணக்கு முடிக்க வேண்டும். இப்படியே போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை மண்டிக்கு விடுமுறை என்று பெயர். நான் பாதி ஷட்டரைத் தூக்கிவிட்டுப் பற்று வரவு பார்த்துக்கொண்டிருப்பேன். ஒரு கட்டத்தில் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவளுக்குக் குறை ஒன்றும் இல்லை என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன். கடன்காரர் கேட்பதை நிறுத்தினால் கடன் தீர்ந்துவிட்டது என்று எந்த வியாபாரியாவது நினைப்பானா? நான் நினைத்தேன்.

பேரன் எழுதிய கட்டுரை

2022-ஆம் ஆண்டுக் கடைசியில், மூன்றாம் வகுப்புப் படித்த என் பேரனுக்குப் பள்ளியில் 'குடும்பத்தோடு நான் சென்ற இடம்' என்று கட்டுரை எழுதச் சொன்னார்கள். மருமகள் நோட்டைக் கொண்டுவந்து காட்டினாள். "நானும் தாத்தாவும் குடோனுக்குச் சென்றோம். அங்கே நிறைய மூட்டைகள் இருந்தன. ஒரு எலி ஓடியது. தாத்தா போனில் பேசினார். பிறகு வீட்டுக்கு வந்தோம்" என்று எழுதியிருந்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அன்று இரவு தூக்கம் வரவில்லை.

என் மகனை நான் எங்கே அழைத்துப் போனேன் என்று யோசித்துப் பார்த்தேன். கோயிலுக்கு, கல்யாணத்துக்கு, டாக்டரிடம். அவனும் இன்று கல்லாவில் உட்கார்ந்து, என்னைப் போலவே "சீசன் முடியட்டும்" என்கிறான்.

அடுத்து வந்த பொங்கல் முடிந்து, ஜனவரி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு முக்கொம்பு போனோம். காணும் பொங்கல் நெரிசல் தீர்ந்திருந்தது. புளியோதரை, தயிர்சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஒரு தூக்கு நிறைய மோர். மரத்தடியில் ஜமக்காளம் விரித்தோம். பேரன் ஊஞ்சலுக்கு ஓடினான்.

அணையின் மேல் நடந்து போய் அந்தப் பக்கம் பார்க்கலாம் என்று மனைவியைக் கூப்பிட்டேன். பாதி தூரம்கூட வர முடியவில்லை. நான்கைந்து வருடமாக அவளுக்கு மூட்டு வலி. கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, "நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க, நான் இங்கேருந்தே பாத்துக்கறேன்" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. சாதாரணமாகத்தான் சொன்னாள். நண்பர்களே, நாற்பது வருட வியாபாரத்தில் எனக்கு நஷ்டம் வந்ததுண்டு. கொடுத்த சரக்குக்குப் பணம் வராமல் போனதும் உண்டு. அதெல்லாம் பிறகு சம்பாதித்துச் சரிக்கட்டிவிட்டேன். இதைச் சரிக்கட்ட வழியில்லை.

பார்க்கத் தெரிந்தால் அது பாடசாலை

முக்கொம்பில் காவிரி இரண்டாகப் பிரிகிறது. தெற்கே போவது காவிரி, வடக்கே போவது கொள்ளிடம். நடுவில் இருப்பது ஸ்ரீரங்கம் தீவு. வரும் ஆறு ஒன்று, போகும் ஆறு இரண்டு. ஆக மூன்று கொம்புகள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

கொள்ளிடத்தின் படுகை தாழ்வு. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தண்ணீர் பெரும்பாலும் அந்தப் பக்கமே போய், காவிரி மணல் மேடிட்டுத் தஞ்சைப் பாசனம் கெடத் தொடங்கியது. அதைத் தடுக்க ஆர்தர் காட்டன் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 1836 முதல் 1838 வரை கொள்ளிடத்தின் தலைப்பில் மேலணையைக் கட்டினார். பாசனத்துக்கு வேண்டியது காவிரியில் போகும்; மிச்சம் கொள்ளிடத்தில் இறங்கிக் கடலுக்குப் போகும். பேரனிடம், "காவிரி கடைக்குப் போற சரக்கு, கொள்ளிடம் குடோனுக்குப் போற சரக்கு" என்றேன். உடனே புரிந்துகொண்டான்.

அந்தப் பழைய அணையில்தான் 2018 ஆகஸ்ட் 22 அன்று இரவு வெள்ளத்தில் 9 மதகுகள் இடிந்து விழுந்தன. அதன் பிறகு அருகிலேயே புதிய கதவணை கட்டப்பட்டது. இதெல்லாம் நமக்கு ஏன் என்று கேட்கலாம். சம்பா அறுத்த வயலில் விளையும் டெல்டா உளுந்தும் பயறும் நம் மண்டிக்குத்தான் வருகின்றன. அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்று நேரில் பார்த்தது எனக்கு அறுபது வயதுக்கு மேல்தான்.

ஒரு நாள் முழுதும் கிடைத்தால் கல்லணை போகலாம். கரிகால் சோழன் கட்டியதாகச் சொல்லப்படும் அணை. நீளம் 1,080 அடி. காவிரி, வெண்ணாறு, புது ஆறு என்கிற கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் அங்கே பங்கு பிரிகிறது. கரிகாலன் யானை மேல் அமர்ந்த சிலை பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அரை நாள்தான் என்றால், ஸ்ரீரங்கம் மேலூரில் வனத்துறை அமைத்த வண்ணத்துப்பூச்சிப் பூங்கா இருக்கிறது, 2015-ல் திறந்தார்கள். மாலை இரண்டு மணி நேரம்தான் என்றால் அம்மா மண்டபம் படித்துறை போதும்.

வேறு ஊர் நண்பர்களுக்கும் இடமில்லாமல் இல்லை. மேட்டூர் அணைப் பூங்கா, கோபி பக்கம் கொடிவேரி, பவானிசாகர் பூங்கா, தேனி பக்கம் வைகை அணைப் பூங்கா, நெல்லைக்காரர்களுக்குத் தாமிரபரணிக் கரை. எல்லாம் பக்கத்தில் இருப்பதாலேயே நாம் போகாத இடங்கள்.

தண்ணீரிடம் எச்சரிக்கை

மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் பாசனத்துக்குத் திறப்பார்கள். ஜனவரி 28-ல் மூடுவார்கள். வரத்தைப் பொறுத்து முன்பின் ஆகும். ஆறு ஓடுவதைப் பார்க்க வேண்டுமானால் அந்த மாதங்களில் போக வேண்டும். கோடையில் மணல்தான் இருக்கும்.

ஆனால் ஒன்று. இங்கே வானம் வெளுத்திருக்கும். மேலே அணை நிரம்பி உபரி நீர் திறந்திருப்பார்கள். முழங்கால் அளவு இருந்த தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஏறும். எங்கள் மண்டியில் வேலை பார்த்த ஒரு பையன் பல வருடங்களுக்கு முன் விடுமுறையில் கூட்டாளிகளோடு கொள்ளிடத்தில் குளிக்கப் போனான். மணல் எடுத்த பள்ளம் இருந்தது தெரியவில்லை. இடுப்பளவு என்று நினைத்து வைத்த காலுக்கு அடியில் தரையே இல்லை. துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் சேலையை வீசி இழுத்துப் போட்டதால் பிழைத்தான். அன்றிலிருந்து ஆற்றங்கரைக்குப் போகும் யாரிடமும் நான் சொல்வது இதுதான்: வெள்ள எச்சரிக்கை வந்திருந்தால் போகாதீர்கள். குளிக்க அனுமதித்த படித்துறையில் மட்டும் இறங்குங்கள். மதகுப் பக்கம் பிள்ளைகளை விடாதீர்கள். நீச்சல் தெரியும் என்று நம்பி இறங்காதீர்கள்.

நாம் விற்ற குப்பை

கரையில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றையும் கவனித்தேன். புல்லில் சிப்ஸ் கவர், பிஸ்கட் உறை, ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட், டீ கப், தண்ணீர் பாட்டில். வியாபாரி கண்ணல்லவா, எது என்ன கம்பெனி, எந்தக் கடை வழியாக வந்திருக்கும் என்று பார்த்தவுடனே தெரிகிறது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்கும் கப்புகளுக்கும் தமிழ்நாட்டில் தடை. அபராதம் கட்டி, அதிகாரிகளைத் திட்டியவர்களில் நானும் ஒருவன். ஆற்றங்கரையில் அதே கப்பைப் பேரன் பொறுக்கி, "தாத்தா, இது நம்ம கடையிலே இருக்குமே" என்றபோது பதில் சொல்ல வரவில்லை. இப்போது நாங்கள் போனால் எவர்சில்வர் டம்ளர், வாழை இலை, ஒரு சாக்குப் பை. கொண்டுபோனது எல்லாம் திரும்பி வந்துவிடும்.

கடை மூடினால் நஷ்டமா?

உங்கள் மனதில் ஓடும் கேள்வி எனக்குத் தெரியும். மண்டிக்காரர் சொல்லிவிடுவார், காலை ஆறு மணி முதல் இரவு பத்து மணி வரை மளிகைக் கடை நடத்துகிறவன் என்ன செய்வான்? பக்கத்தில் சூப்பர் மார்க்கெட் திறந்திருக்கிறது, போனில் அழுத்தினால் வீட்டுக்கே சாமான் வருகிறது, நாம் மூடினால் வாடிக்கை போய்விடாதா?

பயம் நியாயமானதுதான். ஆனால் 2020 ஊரடங்கில் அரசு சொன்ன நேரத்துக்குத்தானே கடை திறந்தோம்? அப்போது நம் வாடிக்கையாளர் நம்மை விட்டுப் போகவில்லை. நேரம் தெரிந்து வந்து வாங்கினார்கள். சொல்லாமல் மூடினால்தான் வாடிக்கையாளருக்குக் கோபம்.

நான் கண்ட வழியைச் சொல்கிறேன். மாதத்தில் முதல் ஞாயிறு எங்களுக்கு முழு விடுமுறை. ஷட்டர் பாதிகூடத் திறப்பதில்லை. ஒரு வாரம் முன்பே பலகை எழுதி மாட்டிவிடுகிறோம். வியாழக்கிழமையே சில்லறைக் கடைக்காரர்களுக்குப் போன் செய்து சிட்டை வாங்கி, சனிக்கிழமை லோடு அனுப்பிவிடுகிறோம். இந்த ஏற்பாட்டால் ஒரு வாடிக்கையும் போகவில்லை.

சில்லறைக் கடைக்காரர்கள் முழு நாள் மூட முடியாவிட்டால், மாதத்தில் ஒரு ஞாயிறு பகல் ஒரு மணியோடு சாத்தலாம். ஒரே தெருவில் மூன்று கடை இருந்தால், ஒரு வாரம் ஒருவர் என்று பேசிவைத்துக்கொண்டு மூடலாம். அந்த நாளில் பக்கத்துக் கடைக்கு வியாபாரம் போனால் போகட்டுமே. அடுத்த வாரம் அவர் போவார், நமக்கு வரும்.

வேலையாட்களையும் மறக்கக் கூடாது. வாரத்தில் ஒரு நாள் முழு விடுமுறை அவர்களுக்கு உரிமை என்று 1947-ஆம் ஆண்டின் கடைகள், நிறுவனங்கள் சட்டமே சொல்கிறது. அவர்கள் வீட்டிலும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன மனைவியும், குடோனை மட்டும் பார்த்த பிள்ளையும் இருக்கலாம். சென்ற ஆண்டு வேனில் எங்கள் கணக்குப்பிள்ளை, சுமைப்பணியாளர்கள் குடும்பங்களையும் அழைத்துக்கொண்டு கல்லணை போனோம். செலவு பெரிதில்லை. மறுநாள் காலை எல்லோரும் நேரத்துக்கு முன்னே வந்து நின்றார்கள்.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். மே 5 வணிகர் தினத்தில் கடையடைத்து மாநாட்டுக்குப் போகிறோம். நம் உரிமைக்காக அது அவசியம். அதுபோல ஆடி கழிந்து ஆறு நிதானமாக ஓடும் ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குடும்ப நாளாக வைத்து, கிளைதோறும் அருகிலுள்ள பூங்காவுக்கோ ஆற்றங்கரைக்கோ உறுப்பினர் குடும்பங்களை அழைத்துச் செல்ல ஏற்பாடு செய்யலாம். மேடை, மாலை, பேச்சு எதுவும் வேண்டாம்.

என் மனைவி இப்போது மாதம் ஒரு முறை முக்கொம்பு வருகிறாள். அணையின் மேல் நடப்பதில்லை. ஆறு தெரிகிற மாதிரி ஒரு பெஞ்ச் பார்த்து வைத்திருக்கிறாள். வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அவர்கள் எழுந்திருக்கும்வரை காத்திருப்பாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறேன். போனை வண்டியிலேயே வைத்துவிடுகிறேன்.

உங்கள் வீட்டில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். வரும் ஞாயிற்றுக்கிழமை புறப்படுங்கள்.

— திருச்சி மண்டி வியாபாரி ஒருவர்