யாரிடம் கேட்டார்கள்? காரைக்காலும் அதிகாரப் பகிர்வும்



காரைக்காலின் கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. இந்த மக்களின் தலைநகரம் சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி, புதுச்சேரியில் இருக்கிறது. 1739ல் பிரெஞ்சுக்காரர் கைக்குப் போனதால் வந்த பிரிவு இது. அந்த ஆட்சி எப்படி முடிந்தது, அதிகாரம் யார் கைக்கு வந்தது, சேரிவரை அது வந்து சேர்ந்ததா என்பதே இன்றைய பேச்சு.

பிரெஞ்சிந்தியப் பகுதிகளின் எதிர்காலத்தை மக்களே முடிவு செய்யட்டும் என்று 1948ல் இந்தியாவும் பிரான்சும் ஒப்புக்கொண்டன. வங்காளத்துச் சந்திரநாகூரில் 1949 ஜூன் 19 அன்று மக்கள் நேரடியாக வாக்களித்தார்கள். இந்தியாவோடு சேர 7,473 பேர், எதிராக 114 பேர். ஆனால் புதுச்சேரிக்கும் காரைக்காலுக்கும் அந்த வாய்ப்பு வரவில்லை. 1954 அக்டோபர் 18 அன்று கீழூரில் கூடியவர்கள் சட்டமன்ற, நகராட்சி உறுப்பினர்களான 178 பேர் மட்டுமே. 170 பேர் இணைப்பை ஆதரித்தார்கள், 8 பேர் எதிர்த்தார்கள். நவம்பர் 1ல் ஆட்சி கைமாறியது.

இணைப்பு சரியா தவறா என்று நான் கேட்கவில்லை. நேரடி வாக்கெடுப்பு நடந்திருந்தாலும் முடிவு இணைப்பாகவே இருந்திருக்கலாம். என் கேள்வி வேறு: வயலில் நின்ற கூலியாளிடம் யார் கேட்டார்கள்?

‘யார் வாக்காளர்’ என்ற கேள்வி இங்கே பழையது. 1881ல் வந்த பிரெஞ்சு ஆணைப்படி, சாதி வழக்கங்களையும் சொந்தச் சட்டத்தையும் துறந்து பிரெஞ்சு உரிமைச் சட்டத்தை ஏற்க வழி திறந்தது. தீண்டாமைக்கு ஆளானவர்கள் பலர் அந்த வழியில் போனார்கள். 1884ல் வாக்காளர்களை ஐரோப்பியர், துறந்தவர், துறக்காதவர் என மூன்று பட்டியலாகப் பிரித்தார்கள். சாதியைத் துறந்து வந்தவருக்கும் ஐரோப்பியரோடு ஒரே பட்டியலில் இடமில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை 1946ல்தான் வந்தது.

இதே பிரான்சின் ஆட்சியில் இருக்கும் நியூ கலிடோனியாவில் 2018, 2020, 2021 என மூன்று முறை விடுதலை வாக்கெடுப்பு நடந்தது. பின்னால் குடியேறியவர்கள் வாக்களிக்கலாமா என்பதே அங்கும் பெரிய சண்டை. மூன்றாவது வாக்கெடுப்பைப் பூர்வகுடிகளான கனாக் மக்களில் பெரும்பாலோர் புறக்கணித்தார்கள். எண்ணிக்கை வந்துவிட்டது, ஒப்புதல் வரவில்லை.

இனி நம் ஆட்சிமுறைக்கு வருவோம். 1956ல் கையெழுத்தாகி 1962ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின் 2ஆம் பிரிவு, இந்தப் பகுதிகளின் தனி நிலையில் மாற்றம் செய்வதானால் மக்களின் விருப்பத்தை அறிந்த பிறகே செய்ய வேண்டும் என்கிறது. 1979ல் தமிழ்நாட்டோடு இணைக்கும் பேச்சு எழுந்தபோது மக்கள் தெருவில் இறங்கி அதை நிறுத்தினார்கள்.

1963ஆம் ஆண்டு யூனியன் பிரதேசச் சட்டம் புதுச்சேரிக்குச் சட்டமன்றம் தந்தது. தேர்ந்தெடுக்கப்படுபவர் 30 பேர். அதற்குமேல் 3 பேரை மத்திய அரசு நியமிக்கலாம். மாநில அமைச்சரவையைக் கேட்காமலே நியமிக்கலாம் என்று 2018ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்த 30ல் காரைக்காலுக்கு 5 தொகுதி. அவற்றில் தனித்தொகுதி நெடுங்காடு ஒன்றுதான். டெல்லி புதுச்சேரிக்கு அரைகுறையாகக் கொடுக்கிறது என்று புதுச்சேரித் தலைவர்கள் முறையிடுவது நியாயமே. அதே தலைவர்கள் காரைக்காலுக்கு எவ்வளவு கொடுத்தார்கள்?

காரைக்கால் நகராட்சியையும் கோட்டுச்சேரி, நெடுங்காடு, நிரவி, திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளையும் பாருங்கள். 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து, 2006ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்தப் பதவிக்காலம் 2011ல் முடிந்தது. 2021ல் அறிவித்த தேர்தலும் வழக்கில் சிக்கி நின்றது. மக்கள் தேர்ந்தெடுத்தவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் அதிகாரிகள் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இதில் நமக்கென்ன என்று ஒரு மாணவர் கேட்கலாம். கிராமத்தைக் குறுகிய மனத்தின் இருப்பிடம் என்று அரசியல் நிர்ணய சபையில் சாடியவரல்லவா அண்ணல் அம்பேத்கர்? உண்மைதான். பாதுகாப்பு எதுவுமின்றி அதிகாரம் ஊருக்குள் இறங்கினால் அது ஊரின் ஆதிக்கச் சாதி வீட்டுத் திண்ணையில்தான் உட்காரும். அதனால்தான் வட்டமேசை மாநாட்டில், சுயாட்சி வேண்டும், அதில் எங்கள் பங்குக்கு உறுதியும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே கேட்டார். இன்று 243டி, 243டி-க்கு இணையாக நகராட்சிகளுக்கான பிரிவு ஆகியவை, பட்டியல் சாதியினருக்கு மக்கள்தொகை விகிதப்படி உள்ளாட்சி இடங்களை ஒதுக்குகின்றன. தலைவர் பதவிகளிலும் ஒதுக்கீடு உண்டு. தேர்தல் நடக்காத ஒவ்வொரு ஆண்டும் அந்த நாற்காலிகளும் சேர்ந்தே காணாமல் போகின்றன. சுடுகாட்டுப் பாதை, தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் என எல்லாவற்றுக்கும் அதிகாரியிடம் மனு கொடுத்து நிற்பதுதான் மிச்சம்.

தனி மாநிலத் தகுதி கேட்கும் மேடைகளில் நாமும் நிற்போம். ஆனால் அங்கே மூன்று கேள்விகளைத் தவறாமல் கேட்க வேண்டும். மாநிலமானால் காரைக்காலுக்கு எந்தெந்த அதிகாரம் வரும்? உள்ளாட்சித் தேர்தல் எந்தத் தேதியில் நடக்கும்? 2ஆம் பிரிவு சொல்லும் ‘மக்களின் விருப்பத்தை’ இம்முறை எப்படி அறிவீர்கள்: 178 பேரைக் கூட்டியா, ஒவ்வொரு தெருவிலும் பெட்டி வைத்தா?